பத்துக்குப் பதினொன்று அறையில் ஒரு பச்சைக்குழந்தைக்கு இடம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மனைவிக்கு ஏழாம் மாதம் முடிகிறது. சென்னையில் ஒரே படுக்கையறை உள்ள வாடகை வீடு, அறை பத்துக்குப் பதினொன்று. அதில் குழந்தைக்கென்று ஒரு மூலையை ஒதுக்கி கட்டில், மெத்தை செட், கேமரா, குட்டி அலமாரி என்று 38,000 ரூபாய்க்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறீர்கள். உங்கள் அம்மா தூளி போதும் என்கிறார். மாமியாரோ பிள்ளை பிறக்கும் முன்னால் எதையும் வாங்கக் கூடாது என்கிறார். நடுவில் ஏசி எத்தனை டிகிரியில் வைப்பது, சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்ற கேள்விகள் வேறு. பட்டியலைப் படித்தபோது அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றியது: ராத்திரி நாம் அசந்து தூங்கும்போது குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே. அதற்குப் பதில் சொன்னால் மற்றவை தானாக வந்துவிடும்.

நான் 26 வருடம் அரசு மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்தவள். டாக்டர் இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, மூச்சு, இதயம் சம்பந்தமான சிக்கல் உள்ள குழந்தை என்றால் நான் இங்கே எழுதுவதை ஓரமாக வைத்துவிட்டு, டிஸ்சார்ஜ் அன்று வார்டில் என்ன சொல்லி அனுப்புகிறார்களோ அதைக் கேளுங்கள்.

முதலில் ஒன்றைத் திருப்பிக் கேட்கிறேன். பிரசவம் எங்கே? மாமியார் இவ்வளவு அக்கறையாகப் பேசுவதைப் பார்த்தால் தாய்வீட்டில்தான் இருக்கும். அப்படியானால் குழந்தை முதல் மூன்று மாதம், சில வீட்டில் ஐந்து மாதம், உங்கள் சென்னை வீட்டைப் பார்க்கவே போவதில்லை. அது அங்கே வந்து சேரும்போது குப்புற விழத் தயாராக இருக்கும், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும். நீங்கள் இணையத்தில் படித்துப் படித்துத் தயார் செய்வது பச்சைக்குழந்தைக்கான அறை. அந்த அறை தேவைப்படுவது மாமியார் வீட்டில். அங்கே போய் ஒரு நாள் உட்கார்ந்து, மகளும் பிள்ளையும் எந்த அறையில் படுப்பார்கள், ஜன்னலில் கொசுவலை இருக்கிறதா, ராத்திரி பாத்ரூம் போக எத்தனை படி இறங்க வேண்டும் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இனி, இதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். உறுதியானது இதுதான்: குழந்தை மல்லாந்து படுக்க வேண்டும், படுக்கும் இடம் கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும், அதன் மேல் குழந்தையைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது, அது பெற்றவர்கள் தூங்கும் அறையிலேயே இருக்க வேண்டும். மேல்நாட்டில் ஒரு காலத்தில் டாக்டர்களே குப்புறப் போடச் சொன்னார்கள். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தைகள் இறப்பது ஏன் என்று துருவிப் பார்த்த பிறகு, 1991-ல் பிரிட்டனிலும் 1992-ல் அமெரிக்காவிலும் அந்தப் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். மல்லாக்கப் போடுங்கள் என்று அமெரிக்காவில் 1994-ல் பெரிய பிரசாரமே நடந்தது. அதன் பிறகு அங்கே அந்த மாதிரிச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. மருந்தோ கருவியோ இல்லாமல் இவ்வளவு உயிர் காத்த விஷயம் குழந்தை மருத்துவத்தில் அதிகம் கிடையாது.

மல்லாந்து படுத்தால் பால் கக்கி மூச்சில் ஏறிவிடாதா என்று எல்லாப் பாட்டிகளும் கேட்பார்கள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கிறது. கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டுமென்றால் அது மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் இந்த வரிசை தலைகீழாகிவிடும். பால் குடித்ததும் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுத்துவிட்டு மல்லாக்கப் போடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்கு அண்டை கொடுப்பதும் வேண்டாம். அந்த நிலையிலிருந்து குப்புற உருள ஒரு உதை போதும்.

சரி, இதை வைத்து உங்கள் பட்டியலைப் பார்ப்போம். மெத்தை செட் என்று விற்கிறார்களே, பஞ்சு மெத்தை ஒன்று, தலையணை ஒன்று, இரண்டு பக்கமும் வைக்கக் குட்டித் திண்டு இரண்டு, அதில் மெத்தையைத் தவிர எல்லாம் வேண்டாத சாமான். மெத்தையும் கையால் அழுத்தினால் பள்ளம் விழாமல் இருந்தால்தான் சேர்த்தி. கட்டிலைச் சுற்றி உள்பக்கம் கட்டும் மெத்து விரிப்பை அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தலை உருண்டையாக வரும் என்று கடுகு அடைத்த தலையணை விற்கிறார்கள், அதுவும் தலையணைதான். தலை ஒரு பக்கம் சப்பையாகாமல் இருக்க, விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சில நிமிடம் குப்புறப் போடுங்கள், படுக்கும்போது தலை வைக்கும் திசையை மாற்றிக்கொண்டே இருங்கள்.

பின்லாந்தில் 1938-லிருந்து அரசாங்கமே பிள்ளை பெறும் தாய்மார்களுக்கு ஒரு பெட்டி நிறையத் துணிமணி கொடுக்கிறது. முதலில் ஏழைகளுக்கு மட்டும், 1949-லிருந்து எல்லோருக்கும். அந்த அட்டைப்பெட்டியின் அடியில் ஒரு சின்ன மெத்தை இருக்கும். பெட்டிதான் குழந்தையின் முதல் கட்டில். நம் ஊரில் அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கு 2015-ல் கொடுக்கத் தொடங்கிய 16 பொருள் பெட்டகத்திலும் ஒரு சின்னப் படுக்கையும் வலையும் உண்டு. தரையில் நல்ல கோரைப்பாய், அதன்மேல் நாலாக மடித்து சுருக்கம் இல்லாமல் விரித்த பருத்திப் போர்வை: கெட்டி, சமம், காலி, மூன்று நிபந்தனையும் இதிலேயே முடிந்துவிடுகிறது. தரையில் எறும்பு வரும், இருட்டில் யாராவது மிதித்துவிடலாம், கிராமத்து வீட்டில் பூச்சி பொட்டு பயம் உண்டு. அதனால் கட்டில் வாங்குவது தப்பில்லை. வாங்கினால் கம்பிகளுக்கு நடுவில் இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் ஏற்றி இறக்கும் மாடலாக இருக்கக் கூடாது. அந்த மாடலை அமெரிக்காவில் 2011-லேயே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது தூளிக்கு வருகிறேன். எங்கள் பக்கம் தொட்டில் என்போம், சில ஊரில் ஏணை என்பார்கள். நான் அதில் வளர்ந்தவள், என் பிள்ளைகள் இரண்டும் அதில்தான் தூங்கின. அம்மா வாசனை உள்ள பழைய நூல் சேலை, தாலாட்டு, ஆட்டம், அதில் அடங்காத அழுகை கொஞ்சம்தான். அதனால் அதைத் திட்ட எனக்கு மனசு வராது. ஆனால் வார்டில் பார்த்தது ஒன்று இருக்கிறது. 22 நாள் குழந்தை, சுகப்பிரசவம், எடை மூன்று கிலோ. மத்தியானம் தூளியில் போட்டுவிட்டு அம்மா சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். சத்தமே இல்லை, நன்றாகத் தூங்குகிறது என்று நினைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா துணியை விலக்கிப் பார்த்தபோது தாடை நெஞ்சில் ஒட்டிக் கிடக்க, உதடு நீலம் பாய்ந்திருந்தது. தூக்கி நிமிர்த்தியதும் அழுதுவிட்டது, பிழைத்தது. இரண்டு நாள் எங்களிடம் வைத்திருந்து அனுப்பினோம்.

என்ன நடந்தது என்றால், பச்சைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து நிற்காது, மூச்சுக்குழல் ஒரு ஸ்ட்ரா மாதிரி மெல்லியது. சேலை பிறை போல வளைந்து தொங்குவதால் தலைப்பக்கம் உயர்ந்து தாடை நெஞ்சில் இறங்குகிறது, ஸ்ட்ரா மடங்குகிறது. மூச்சு முட்டும் குழந்தை சத்தம் போடும் என்று நினைக்காதீர்கள். துணி இரண்டு பக்கமும் முகத்தை மூடிக்கொண்டால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். வெயில் காலத்தில் உள்ளே புழுக்கம் வேறு. இன்னொன்று, தூளியால் வரும் ஆபத்து கைக்குழந்தைக்கு மட்டுமில்லை. ஆறேழு வயது அண்ணனோ அக்காவோ அதில் ஏறி முறுக்கி விளையாடும்போது துணி கழுத்தில் இறுகி இறந்துபோன செய்தி அவ்வப்போது வருகிறது.

இங்கே நான் சொல்வதில் ஒரு பாதி அனுபவம், மறு பாதி யோசனை. தூக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் மேல்நாட்டுக் கட்டிலையும் மெத்தையையும் வைத்து நடந்தது, சேலைத் தூளியை வைத்து அல்ல. ஆனாலும் சமமான இடம் வேண்டும் என்று அவர்கள் சொல்லும் காரணம் தூளிக்கும் பொருந்தத்தான் செய்கிறது. அதனால் உங்கள் அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது, அழுகையை அடக்கத் தூளி, கண் அசந்ததும் எடுத்துப் பாயிலோ கட்டிலிலோ மல்லாக்கப் போட வேண்டும். ராத்திரிக்குத் தூளி வேண்டாம். துணி முகத்தில் மூடாமல் நடுவில் கட்டை கொடுத்து விரித்து வைக்க வேண்டும். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம், கீழே மெத்தை போட்டுவையுங்கள். ஃபேன் கொக்கியில் கட்டக் கூடாது. குழந்தை இல்லாத நேரத்தில் சேலையை அவிழ்த்து மடித்து வையுங்கள். குப்புற விழ ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது, தாயும் பிள்ளையும் ஒரே படுக்கையில் படுக்கலாமா என்பது. நிபுணர்களே ஒத்துப்போகாத இடம் இது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2022-லும் ஒரே அறை சரி, ஒரே படுக்கை வேண்டாம் என்றுதான் சொன்னது. தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பு 2020-ல், பால் கொடுக்கும் தாய் பக்கத்தில் படுப்பதைத் தடுக்க வேண்டியதில்லை, எதில் ஆபத்து என்று சொல்லிக்கொடுங்கள் என்றது. இரண்டு பக்கமும் சேர்ந்து வேண்டாம் என்று சொல்லும் சந்தர்ப்பங்களை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: படுக்கையில் உள்ளவர்களில் ஒருவர் புகை பிடிப்பவர், மது அருந்தியவர், தூக்கம் வரும் மருந்து சாப்பிட்டவர், குழந்தை குறைமாதம் அல்லது எடை குறைவு, படுக்கும் இடம் சோபா. நீங்கள் சிகரெட் பிடிப்பவராக இருந்தால், வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும் இது உங்களுக்குத்தான். மற்றபடி நான் எல்லோருக்கும் சொல்வது, தாயின் படுக்கை தரையில் இருக்கட்டும், குழந்தையின் பாய் கை எட்டும் தூரத்தில் தனியாக இருக்கட்டும். கட்டில்காரர்களுக்கு அதே தூரத்தில் குழந்தையின் கட்டில். நள்ளிரவில் எழுந்து நடக்க வேண்டியிருந்தால் எந்த விதியும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது.

ஏசி விஷயத்தில் இணையம் உங்களைக் குழப்பியிருக்கும். பிரிட்டனில் குழந்தை அறைக்கு 16 முதல் 20 டிகிரி என்பார்கள். அது கம்பளி உடுத்திப் படுக்கும் ஊர்க் கணக்கு. பிரசவ அறை 25 முதல் 28 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் 26, 27-ல் வையுங்கள், காற்று நேராகக் குழந்தை மேல் அடிக்க வேண்டாம். ஏசி கெடுதல் என்று கதவு ஜன்னலை மூடி, சித்திரை வெயிலில் குல்லா, கையுறை, சாக்ஸ் மாட்டிப் புழுங்க விடுவதுதான் கெடுதல். தூங்கும்போது உடம்பு அதிகம் சூடேறுவது ஆபத்து என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை நீங்களும் செய்யலாம். புறங்கையால் முதலில் வயிற்றைத் தொடுங்கள், பிறகு பாதத்தை. இரண்டும் கதகதப்பாக இருந்தால் நிம்மதி. வயிறு சூடு, பாதம் சில்லென்று இருந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். நெஞ்சோடு அணைத்து ஒரு துணி சேர்த்துப் போர்த்துங்கள். வயிறும் சில்லென்றால் அணைத்தபடியே உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிடரி வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். அறையில் ஃபேன் ஓடினால் தூக்கச் சாவு குறையும் என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. அதை நம்பி ஃபேன் வாங்கும் அளவுக்கு அது தேறவில்லை. காற்று வேண்டும் என்பதற்காக ஓடட்டும்.

நம் வீடுகளில் கட்டிலைவிடப் பெரிய தொல்லை புகையும் பூச்சி மருந்தும்தான். கொசுவர்த்திச் சுருள் ஒன்று முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. அடைத்த அறையில் பச்சைக்குழந்தைக்கு அது எதற்கு? சாம்பிராணியும் புகைதான். குளிப்பாட்டிய பிறகு தலைமாட்டில் தணல் சட்டியோடு நிற்பதை மாற்ற முடியாவிட்டால் வேறு அறையில் காட்டச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு வலை அடிப்பதே சரியான வழி. குடை போல விரியும் வலை நல்லதுதான், ஆனால் அது சமமான இடத்தில் நிற்க வேண்டும். உள்ளே தைத்து வரும் மெத்தை பொதபொதவென்று இருந்தால் அதை வெட்டி எடுத்துவிடுங்கள். புரளும் வயதில் முகம் வலையில் அழுந்தும், அப்போது நிறுத்திவிட வேண்டும். எறும்புக்குச் சாக்பீஸ் கோடு போடாதீர்கள். அது பூச்சிக்கொல்லி, நாளைக்கு அந்தத் தரையில்தான் பிள்ளை தவழும்.

பீரோவில் போடும் அந்துருண்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் குழந்தை ஒன்றுக்கு மஞ்சள்காமாலை திடீரென்று ஏறியது. ரத்தப் பிரிவு பொருத்தம், கிருமி எல்லாம் பார்த்தாயிற்று. தொட்டிலில் விரித்திருந்த வேட்டியை மாற்றும்போது ஒரு வாடை. பாட்டி பத்து வருடம் பீரோவில் பத்திரப்படுத்திய வேட்டி. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையில் உள்ள நாப்தலின் வாடை பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், காமாலை ஏறும். அந்தக் குழந்தைக்கும் அந்தக் குறை இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. உங்கள் பிள்ளைக்கு அது இருக்கிறதா என்று முன்கூட்டித் தெரியப்போவதில்லை. அதனால் மாமியார் வீட்டில் எடுத்து வைத்திருக்கும் பழைய துணியை இப்போதே முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வாடை உள்ளதைத் தொட வேண்டாம், அந்த அறை பீரோவிலிருந்து உருண்டைகளையும் எடுத்துவிடுங்கள். தினம் உடுத்தித் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட வேட்டியும் நூல் சேலையும் குழந்தைக்கு நல்லது. புதுத் துணி போடாமல் பழசைப் போடும் நம் வழக்கத்தில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அறையில் நீங்கள் காசு செலவழிக்க ஆசைப்பட்டால் பச்சை உடம்புக்காரி உட்காரும் இடத்தில் செலவழியுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பார்? முதுகுக்குச் சாய்மானம், காலுக்கு ஒரு முக்காலி, கை எட்டும் தூரத்தில் தண்ணீர்ச் செம்பு, மங்கலான ஜீரோ வாட்ஸ் விளக்கு, அதன் ஸ்விட்சும் கை எட்டும் தூரத்தில். சோபாவில் உட்கார்ந்து கொடுத்தபடி கண் அசந்துவிட்டால், குழந்தை கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் சரிந்துபோகும். எல்லாவற்றிலும் மோசமான இடம் அதுதான். துணி மாற்றுவதைத் தரையிலேயே செய்யுங்கள், மேசை எதற்கு? பிரசவமாகி மூன்று மாதம் வாக்கில் அம்மாவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அதில் ஓர் இழை குழந்தையின் கால் விரலில் சுற்றி இறுகிக்கொள்வது உண்டு. என்ன செய்தும் அழுகை நிற்காத குழந்தையின் சாக்ஸைக் கழற்றினால் ஒரு விரல் மட்டும் சிவந்து வீங்கியிருக்கும். எனக்குத் தெரிந்து நான்கைந்து வந்திருக்கின்றன, ஒன்றுக்கு மயக்க மருந்து கொடுத்து வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. கையுறை, சாக்ஸை உள்பக்கம் திருப்பி நூல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தில் கறுப்புக் கயிறு, சங்கிலி வேண்டாம்; அரைஞாண் தளர்வாக இருந்தால் பரவாயில்லை.

கேமரா உங்கள் இஷ்டம். ஒரே அறையில் கை எட்டும் தூரத்தில் இருக்கும் குழந்தைக்கு அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அலமாரி வாங்கினால் சுவரில் திருகிப் பொருத்துங்கள்; இப்போதைக்கு இல்லை, பிடித்து நிற்கப் பழகும் வயதுக்கு. சென்னை வீட்டில் ப்ளக் பாயிண்ட்டுக்கு மூடி, ஜன்னல் திரைக் கயிற்றை மேலே சுருட்டிக் கட்டுவது, தொங்கும் சார்ஜர் ஒயர், கொசு மருந்துக் குப்பி, இவையெல்லாம் மூன்றாம் மாதம் அவர்களை அழைத்து வரும் முன் செய்ய வேண்டிய வேலை. நிறைய நேரம் இருக்கிறது.

சுவருக்கு வெளிர் நிறம் அடியுங்கள், வெள்ளை என்றால் இன்னும் நல்லது. வீட்டு பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வாடகை வீடு பழசு என்றால் பழைய பெயிண்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள், அந்தத் தூசியில் ஈயம் இருக்கலாம். கர்ப்பிணி வீட்டில் இருக்கும்போது பெயிண்ட் வேலையே வேண்டாம். அவர் ஊருக்குப் போன பிறகு அடித்து, ஜன்னலைத் திறந்து போட்டுவிடுங்கள். வெள்ளை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மஞ்சள் சுவரும் மஞ்சள் விளக்கும் உள்ள அறையில் காமாலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதைக் கவனிக்க வேண்டிய நாட்களில் குழந்தை மாமியார் வீட்டு அறையில்தான் இருக்கும். முதல் வாரம் முழுக்க, காலையில் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் அழுத்தி எடுத்து, அந்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் வந்தாலோ, பிறந்த முதல் நாளே தெரிந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெயிலில் காட்டிச் சரிசெய்யலாம் என்று உட்காராதீர்கள். அந்த அறையில் இப்போது மஞ்சள் பல்பு எரிகிறது என்றால் ஒரு வெள்ளை எல்இடி வாங்கி மாட்டிவிட்டு வாருங்கள். பல்பு வாங்கியதற்கு உங்கள் மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார்.